'திடீர்' என்ற சொல்லின் காவலர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அமெரிக்காவின் பொறுப்புக் காப்பீட்டு நிறுவனங்களின் சமூகத்துக்குப் பணிவான வணக்கம்.

முதற்கண் உங்கள் பதிலுக்கு நன்றி. அதே இரண்டு வரிப் பதில்தான்: "தாங்கள் குறிப்பிடும் பாலிசி எங்கள் பதிவேட்டில் இல்லை. அசல் இருந்தால் அனுப்பவும்." அப்பாவின் டிரை கிளீனிங் கடையோடு, அதன் சிமென்ட் தரையைத் துளைத்து நிலத்தடி நீர்வரை இறங்கிவிட்ட சலவைக் கரைப்பானான பெர்குளோரோஎத்திலீனையும் சேர்த்துச் சொத்தாகப் பெற்ற யாரோ ஒருவரின் தபால்பெட்டியில் இந்த வாரமும் அது விழுந்திருக்கும். பிரீமியம் கட்ட ஒரு நாள் தாமதமானாலும் நினைவூட்டல் அனுப்பிய அலுவலகத்துக்கு, பாலிசி விற்றது மட்டும் மறந்துபோகிறது. வயதானால் வருவதுதான். அதனால் அந்த வாரிசுகள் தோண்டப் போகிறார்கள். இந்த வேலைக்கு உங்கள் நாட்டில் காப்பீட்டுத் தொல்லியல் என்றே பெயர். கீழடியில் தோண்டினால் பானை ஓடு கிடைக்கும். இங்கே காசோலையின் அடிக்கட்டை, பேரேட்டில் மங்கிய ஒரு வரி, கட்டட உரிமையாளருக்குக் காட்டுவதற்காக வாங்கிவைத்த காப்பீட்டுச் சான்றின் கார்பன் நகல். அந்த நகலில் உங்கள் பெயரும் பாலிசி எண்ணும் தெளிவாக இருக்கும். தொலைந்த பாலிசி ஒன்று இருந்ததை இப்படிப்பட்ட துணைச் சான்றுகளால் நிரூபிக்க அமெரிக்க நீதிமன்றங்கள் இடம் தருகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் முதலில் அசலைக் கேட்டுவைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

மக்கிய காகிதத்துக்கு ஏன் இந்த மதிப்பு என்றால், அதற்கான புகழும் உங்களையே சேரும். 1966இல் உங்கள் பொதுப் பொறுப்புப் பாலிசியில் 'விபத்து' என்ற சொல்லுக்குப் பதிலாக 'நிகழ்வு' என்ற சொல்லைப் போட்டீர்கள். மெல்ல மெல்லச் சேரும் சேதமும் அதில் அடங்கும் என்று சொல்லி விற்றீர்கள். சேதம் பாலிசி ஆண்டுக்குள் நடந்திருந்தால் போதும். கோரிக்கை 50 ஆண்டு கழித்து வந்தாலும் அந்தப் பாலிசி விழித்துக்கொள்ளும். இவ்வளவு தாராளமான வாக்கு எழுத்தில் இருப்பதை எண்ணி 1970இல் உங்களுக்கே தூக்கம் வரவில்லை போலும். மாசுபாட்டைப் பாதுகாப்பிலிருந்து விலக்கும் ஒரு விதியை எழுதினீர்கள்; 'திடீரென்றும் தற்செயலாகவும்' நடந்தால் மட்டும் அந்த விலக்கு பொருந்தாது என்றீர்கள். எங்கள் ஊரில் திடீர் இட்லி உண்டு, திடீர் ரசம் உண்டு, இரவோடு இரவாக முளைக்கும் திடீர்ப் பிள்ளையாரும் உண்டு. உங்கள் திடீருக்கு முன்னால் இவை எல்லாம் கைகட்டி நிற்க வேண்டும். மாநிலக் காப்பீட்டு ஆணையர்களிடம் ஒப்புதல் கேட்டபோது அந்தத் திடீர் ஓர் அப்பாவி: இது வெறும் விளக்கம்தான், விபத்தால் நேரும் மாசுக்குப் பாதுகாப்பு தொடரும் என்றீர்கள். 1978இல் லவ் கால்வாயில் புதைத்த நச்சுக் கழிவு விவகாரம் வெடித்து, 1980இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்து, துப்புரவுச் செலவு நிலத்தின் சொந்தக்காரர் தலையில் விழுந்ததும் அதே திடீருக்குக் கொம்பு முளைத்தது. திடீர் என்றால் பட்டென்று, கண் இமைக்கும் நேரத்தில். கசிவுக்கெல்லாம் காசு கிடையாது.

சட்டம் பின்னால் வந்தது, அதற்கு நாங்கள் பிரீமியம் வாங்கவில்லையே என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாலிசி எந்தச் சட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை. காப்பீடு எடுத்தவர் சட்டப்படி ஈட்டுத்தொகையாகக் கட்ட நேரும் தொகை முழுவதும் என்றது. பின்னால் வந்த சட்டம் அவரையும்தான் பின்னாலிருந்து அடித்தது; அதற்குத்தானே குடை வாங்கினார்? இன்னொன்று: 1970இன் விதி எல்லாவற்றையும் விலக்கிவிட்டது என்றால், 1986இல் 'முழுமையான' விலக்கு என்று புதிதாக ஒன்றை ஏன் எழுதினீர்கள்? பூட்டிய கதவுக்கு யாராவது இன்னொரு பூட்டு வாங்குவார்களா? ஆணையர்களிடம் ஒன்று சொன்னீர்கள், நீதிபதிகளிடம் வேறொன்று சொன்னீர்கள். பாதுகாப்பைச் சுருக்கினீர்கள், பிரீமியத்தைக் குறைக்கவில்லை. இதற்குப் பகடி தேவையில்லை, இது ஏமாற்று. மன்னிக்கவும், தங்கள் சமூகத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

மாசுபடுத்தியவனுக்கே காசா என்பது அடுத்த கேள்வி. இதற்கு நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1993இல் மார்ட்டன் வழக்கில் விடை சொல்லிவிட்டது. பெரிஸ் க்ரீக் ஓடைக்கரையில் 1929 முதல் 1974 வரை ஓடிய பாதரச ஆலை. 40 ஏக்கர், அதற்கடியில் சுமார் 268 டன் நச்சுக் கழிவு, பெரும்பாலும் பாதரசம். (பாதரசம் என்ன செய்யும் என்று கொடைக்கானலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.) நாற்பத்தைந்து ஆண்டுத் திடீர்! ஆணையர்களிடம் சொன்னதையே இங்கேயும் நிறைவேற்றுங்கள் என்று நீதிமன்றம் உங்களைக் கட்டிப்போட்டது. அதே தீர்ப்பில் ஆலைத் தரப்புக்கும் ஒரு சல்லிக்காசு கிடைக்கவில்லை: தெரிந்தே கொட்டியதால் அது எதிர்பாராத நிகழ்வே அல்ல. ஆக, தெரிந்து கொட்டியவனைத் தடுக்க 'நிகழ்வு' என்ற உங்கள் சொல்லே போதுமானது. அதற்குத் திடீரை இழுக்க வேண்டியதில்லை. எல்லா மாநிலமும் நியூஜெர்சி வழியில் போகவில்லை என்பதும் உண்மை. 1991இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் திடீர் என்பதில் உடனடித்தன்மையும் அடங்கும் என்று உங்கள் பக்கம் சாய்ந்தது. 1989இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றமோ அகராதியைப் புரட்டி, திடீர் என்றால் எதிர்பாராதது என்றும் பொருள் உண்டு என்றது. ஒரே சொல், ஒரே அச்சடித்த தாள், மாநில எல்லையைத் தாண்டினால் வேறு பொருள். அந்தத் தாளை எழுதியவர் நீங்கள்; குழப்பத்தின் விலையை, அதை வாங்கிய சலவைக்கடைக்காரர் ஏன் தர வேண்டும்?

எனவே எங்கள் சிறு விண்ணப்பம். உங்கள் கிடங்கில் மறுகாப்பீட்டுப் பேரேடுகள் இருக்கும். பழைய கோரிக்கைக் கோப்புகள் இருக்கும். அசலைக் கேட்டுக் கடிதம் போடுவதற்கு முன், ஒரு குமாஸ்தாவை டார்ச் விளக்கோடு அங்கே அனுப்புங்கள். அவர் கண்டதைத் திடீரென்று எழுதி அனுப்புங்கள். இந்த ஒரு முறை அந்தச் சொல்லை நீங்கள் நீதிமன்றத்தில் சொன்ன பொருளிலேயே எடுத்துக்கொள்கிறோம்.