டேஞ்சர் லைட்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு வண்டிச் சாமான் கடை. கல்லாவில் கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு தம்பி. அவன் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க எல்.இ.டி. விளக்குகள் கண்ணடித்துக்கொண்டிருக்கின்றன. வந்திருப்பவர் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் அவருடைய பழைய புல்லட். அதன் பின் லைட்டின் சிவப்பு மூடி ஒரு கையில், பழைய பல்பு மறு கையில். (பழையதைக் கையோடு கொண்டுவரும் வாடிக்கையாளர் அபூர்வம். கடைக்காரர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத அபூர்வம்.)

பெரியவர்: தம்பி, டேஞ்சர் லைட் பல்பு ஒண்ணு குடுங்க. 12 வோல்ட், 21/5. ரெண்டு பாயிண்ட்.

தம்பி: புல்லட்டுக்குப் போய் குண்டு பல்பா சார்? இதப் பாருங்க, எல்.இ.டி. பிரேக் புடிச்சா படபடன்னு வெட்டிட்டு நிக்கும். நீலமும் இருக்கு. ராத்திரி ஈ.சி.ஆர்.ல போனீங்கன்னா ஊரே திரும்பிப் பாக்கும்.

பெரியவர்: ஊர் பார்க்கட்டும். 108ஆம் விதி பார்க்குமே? பின்பக்கம் சிவப்பைத் தவிர வேற வெளிச்சம் காட்டக் கூடாது. இண்டிகேட்டருக்கு மஞ்சள், நம்பர் பிளேட்டுக்கு வெள்ளைன்னு சில விலக்கு உண்டு. நீலத்துக்கு இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989.

தம்பி: 1989ல நான் பொறக்கவே இல்ல சார்.

பெரியவர்: விதி பொறந்துடுச்சு.

தம்பி: சரி, நீலம் வேணாம். வெள்ளை? மூடிதான் சிவப்பா இருக்கே, உள்ள என்ன போட்டா என்ன?

(பெரியவர் பேசாமல் சிவப்பு மூடியை நீட்டுகிறார். தம்பி வெள்ளை எல்.இ.டி.யை எரியவிட்டு அதற்குப் பின்னால் பிடிக்கிறான். சற்றுமுன் கண்ணைப் பறித்த விளக்கு, பஞ்சுமிட்டாய் நிறத்தில் சோர்ந்து தெரிகிறது.)

தம்பி: மூடி பழசு சார். அதான்.

பெரியவர்: மூடி சிவப்பை உண்டாக்குறதில்ல, தம்பி. உள்ள இருக்கிற வெளிச்சத்துல சிவப்பை மட்டும் வெளிய விட்டுட்டு மத்ததை நிறுத்திக்கும். உங்க வெள்ளை எல்.இ.டி. அடிப்படையில நீலம். மேல மஞ்சளாப் பூசி வெள்ளையாக் காட்டுறாங்க. அதுல சிவப்பு கொஞ்சம்தான். குண்டு பல்பு இழையில சிவப்பு தாராளமா இருக்கு.

தம்பி: அப்ப சிவப்பு எல்.இ.டி.யே போட்டுடலாம்! மொத்த வெளிச்சமும் வெளிய வரும். 250 ரூவா. உங்களுக்காக 220.

பெரியவர்: இந்த மூடிக்கு அடியில வெள்ளையா ஒரு சின்ன ஜன்னல் இருக்கே, எதுக்குன்னு தெரியுமா?

தம்பி: டிசைன்.

பெரியவர்: நம்பர் பிளேட்டுக்கு! 105ஆம் விதி. பின் லைட் சிவப்பா 155 மீட்டர் தூரத்துக்குத் தெரியணும். நம்பர் மேல வெள்ளை வெளிச்சம் விழணும், 15 மீட்டர்ல இருந்து படிக்க முடியணும். சிவப்பு எல்.இ.டி. போட்டா இந்த ஜன்னல் வழியா என்ன வரும்? சிவப்புதான். அதுவும் வந்தால்தான் உண்டு. உங்க சரக்குல பாதி, பின்னால மட்டும் அடிக்கும், கீழ இறங்காது. ஒரு குண்டு பல்பு மூணு வேலை செய்யுது: டேஞ்சர் லைட், பிரேக் லைட், நம்பர் பிளேட் லைட். அதைத் தூக்கிட்டு 220 ரூபாய்க்கு ஒன்றரை வேலைக்காரனை வைக்கச் சொல்றீங்க.

(இந்த இடத்தில் பெரியவருக்கு ஆதரவாக நான் ஒன்று சொல்லியாக வேண்டும். 21/5 என்பது சும்மா போட்ட எண் இல்லை. ஓடும்போது 5 வாட் எரிகிறது. பிரேக் பிடித்தால் 21 வாட் சேர்ந்துகொள்கிறது. பின்னால் வருபவனுக்கு அந்த ஏற்றம்தான் செய்தி. மலிவான எல்.இ.டி.க்கள் சிலவற்றில் இரண்டு நிலைக்கும் வித்தியாசமே தெரியாது. எப்போதும் பிரேக் பிடித்துக்கொண்டே போகிற வண்டி மாதிரித்தான் இருக்கும்.)

தம்பி: சார், நீங்க சொல்றதெல்லாம் சரி. குண்டு பல்பு பத்த வச்ச உடனே எரியுதா? கம்பி சூடாகி முழுசா எரியறதுக்கு எல்.இ.டி.யவிட 0.2 செகண்டு லேட்டு. 60ல வந்தா அந்த நேரத்துல வண்டி 3 மீட்டருக்கு மேல ஓடிடும். அந்த 3 மீட்டர்லதான் சார் மட்கார்டு நசுங்குது.

(பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். தம்பி சொன்னது உண்மை. விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது.)

பெரியவர்: 60ல யாரு போறா? நான் 40 தாண்டுறதே இல்லை.

தம்பி: நீங்க போகல சார். உங்க பின்னால வர்றவன் போறான்.

பெரியவர்: ...

தம்பி: இன்னொண்ணு. புல்லட் அதிர்வுக்கு எத்தன தடவ கம்பி அறுந்திருக்கும்? எல்.இ.டி.ல கம்பியே இல்ல, அறுறதுக்கு.

பெரியவர்: அறுந்தா 30 ரூபாய்ல போச்சு. அறுந்து அறுந்து மாத்தினாலும் உங்க 220ஐ எட்ட வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் நான் இருக்கணும், இந்தக் கடையும் இருக்கணும்.

தம்பி: (பெட்டியைத் தேடியபடி) சரி, உங்க இஷ்டம். இந்தாங்க, சிங்கிள் பாயிண்ட்.

பெரியவர்: நான் கேட்டது ரெண்டு பாயிண்ட்!

தம்பி: ரெண்டு பாயிண்ட் உள்ள போய்த்தான் எடுக்கணும். இதையே கொஞ்சம் அழுத்தித் திருப்புனா உக்காந்துக்கும் சார்.

பெரியவர்: உட்காரும், எழுந்திருக்காது. இந்தப் பல்போட ரெண்டு காதையும் பாருங்க. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. எதுக்கு? தலைகீழா மாட்டிடக் கூடாதுன்னுதான். ரெண்டு பாயிண்டையே மாத்தி அழுத்தினா ஓடும்போது 21 எரியும், பிரேக் பிடிச்சா 5 எரியும். இதை வடிவமைச்சவனுக்கு உங்களை மாதிரி ஆளைப் பற்றித் தெரிஞ்சிருக்கு.

தம்பி: அந்தப் பழைய பல்பக் குடுங்க, அளவு பாத்து எடுத்துட்டு வரேன்.

(பல்பை வாங்கியவன், பழக்கதோஷத்தில் கல்லாவுக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் ஒயரில் அதைத் தொட்டுப் பார்க்கிறான். ஒரு பாயிண்டில் மங்கலாக எரிகிறது. அடுத்த பாயிண்டில் பளீரென்று எரிகிறது. இருவரும் அந்த வெளிச்சத்தை வெறித்துப் பார்க்கிறார்கள். வந்ததும் செய்திருக்க வேண்டிய வேலை.)

தம்பி: சார், பல்பு நல்லாத்தான இருக்கு?

பெரியவர்: அதெப்படி? பிரேக் லைட் எரியலையே!

தம்பி: எரியலன்னு யார் சொன்னது?

பெரியவர்: எதிர் வீட்டுப் பையன். நானே சோதிச்சேன். இடது காலால பிரேக்கை மிதிச்சுட்டு, இறங்கிப் போய்ப் பின்னால பார்த்தேன். எரியலை.

தம்பி: இறங்குனா கால எடுத்துடுவீங்களே சார்?

பெரியவர்: எடுக்காம எப்படி இறங்குறது?

(தம்பி வெளியே வந்து மண்டியிட்டு பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் விரலை விடுகிறான். சுவிட்சை இழுக்கும் சின்ன ஸ்பிரிங், ஒரு பக்கம் அறுந்து தொங்குகிறது.)

தம்பி: ஸ்பிரிங் போயிருக்கு. பெடல் சுவிட்ச இழுக்கவே இல்ல. எத்தன மாசமா இப்படி ஓட்டுறீங்கன்னு தெரியல. 155 மீட்டர்ல இருந்து யாராவது பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்.

பெரியவர்: பிரேக் லைட்டுக்கு 155 மீட்டர் இல்லை. அது டேஞ்சர் லைட்டுக்கு. ரெண்டையும் குழப்பாதீங்க.

தம்பி: ஸ்பிரிங் 10 ரூவா சார்.

பெரியவர்: வெறும் ஸ்பிரிங்குக்கா? 5 ரூபாய் தர்றேன்.

தம்பி: சுவிட்சோட செட்டா வாங்கிக்குங்க. அதுல ஒரு புது மாடல் வந்திருக்கு, பிரேக் புடிச்சா கூடவே பாட்டு வரும்.

பெரியவர்: பாட்டா? இருங்க, ஹாரன் சத்தத்துக்கு 119ஆம் விதியில...