ஏழு வருஷ பேட்டரி

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எந்த வீட்டில் ‘ஃபாரின் ஆள்’ இருக்கிறார் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. திண்ணையில் டேப்ரிக்கார்டர் பாடும். மாடத்தில் கோடாலித் தைலம் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பையன் கையில் கறுப்பு பிளாஸ்டிக் வாட்ச் ஒன்று கிடக்கும். எங்கள் வயதுக்காரர்கள் கண் வைத்தது அந்த வாட்ச்சின் மேல்தான்.

எங்கள் வீட்டுக்கு அது 1992இல் வந்தது. அம்மாவின் தம்பி சவூதியில் தம்மாம் பக்கம் கட்டட வேலைக்குப் போய், முதல் லீவில் ஊர் வந்திருந்தார். “மாப்ளே, கையை நீட்டுடா” என்று அவரே கட்டிவிட்டார். கடைசி ஓட்டையில் மாட்டியும் மணிக்கட்டில் நிற்காமல் சுழன்றது. உடனே ஓர் ஆணியை அடுப்பில் காய்ச்சி, ஸ்ட்ராப்பில் இன்னோர் ஓட்டை போட்டார். பிளாஸ்டிக் தீய்ந்த வாடை அன்று முழுக்க என் கையில் இருந்தது. அது கேசியோ எஃப்-91டபிள்யூ. மாடல் பெயரெல்லாம் பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அது ‘கேசியோ’, அவ்வளவுதான்.

அப்பா கையில் இருந்தது எச்.எம்.டி. ஜனதா. குளித்து, விபூதி பூசி, வாட்ச்சுக்குச் சாவி கொடுத்த பிறகுதான் அவருக்குப் பொழுது தொடங்கும். காலை 7.15 ஆகாசவாணி செய்தியைக் கேட்டு முள்ளைச் சரிபார்ப்பார். எண்ணெய் காய்ந்துபோன பழைய வாட்ச் என்பதால் வாரத்தில் சில நிமிஷம் முன்னே பின்னே போய்விடும். கரண்ட் இல்லாமல் ரேடியோ வாயடைத்துக் கிடந்த ஒரு காலையில், “தம்பி, உன் வாட்ச்சுல மணி என்ன?” என்று கேட்டார். நொடியோடு சொன்னேன். அவர் தன் வாட்ச்சின் சாவியை வெளியே இழுத்து, முள்ளை நகர்த்தி, நான் சொன்ன மணிக்கு வைத்துக்கொண்டார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அப்பா என்னைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்ட முதல் விஷயம் மணிதான். ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய கௌரவம் என்று இப்போது என் பிள்ளைகளுக்கு விளக்கினாலும் முழுதாகப் புரிவதில்லை.

பள்ளிக்கூடத்தில் அதற்கு இன்னொரு மதிப்பு. அதிலிருந்த ஸ்டாப் வாட்ச் நொடியில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். எங்கள் பள்ளியில் இருந்த ஸ்டாப் வாட்ச் எப்போதோ நின்றுபோய்விட்டது. விளையாட்டு விழா அன்று பி.டி. சார் என்னிடம் வந்து, “அந்த வாட்ச்சக் குடுடா” என்று வாங்கிக்கொண்டு போய் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நேரம் எடுத்தார். ஓடி ஜெயித்தவனைவிட எனக்குத்தான் அன்று நடை மாறியிருந்தது. வகுப்பில் மணிக்கொரு தடவை ‘பீப் பீப்’ என்று அடிக்கும். இரண்டு மூன்று பேரிடம் கேசியோ இருந்ததால், ஒன்று அடித்துச் சில நொடி கழித்து இன்னொன்று அடிக்கும். யாருடையது சரி என்ற தகராறு இடைவேளை வரை நீளும்.

அந்தத் தகராறுக்கு அர்த்தம் இருந்தது. ஏனென்றால் எல்லாமே கிட்டத்தட்டச் சரியாகத்தான் ஓடின. உள்ளே ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. மின்சாரம் பட்டதும் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். சில்லு அந்த எண்ணை 15 முறை பாதி பாதியாகக் குறைத்தால் மிஞ்சுவது 1. அதுதான் ஒரு நொடி. மாதத்துக்கு 30 நொடிக்கு மேல் பிசகாது என்பது கம்பெனிக் கணக்கு. என் கையில் இருந்தது அதற்குள்ளேயே நின்றது. பல ஆயிரம் கொடுத்து வாங்கும் குவார்ட்ஸ் வாட்ச்சுகளிலும் பெரும்பாலும் இதே படிகம், இதே கணக்குதான். மேலே தங்கமா பிளாஸ்டிக்கா என்பதில்தான் வித்தியாசம்.

டிஜிட்டல் வாட்ச் பிறந்ததே தங்கத்தில்தான். 1972இல் அமெரிக்காவில் ஹாமில்டன் கம்பெனி கொண்டுவந்த பல்சர், 18 காரட் தங்க உடம்பு, விலை 2,100 டாலர். அந்தப் பணத்துக்கு அங்கே அன்று ஒரு சின்னக் கார் வாங்கலாம். சிவப்பு விளக்கு எண்கள் மின்சாரத்தைக் குடித்தன. பொத்தானை அழுத்தினால்தான் மணி தெரியும். அடுத்த வருஷம் ஜேம்ஸ் பாண்டாக நடித்த ரோஜர் மூரின் கையில் ஒரு பல்சர் இருந்தது. 1976இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 20 டாலருக்குப் பிளாஸ்டிக் வாட்ச்சை இறக்கியது. அதோடு சீமான்களுக்கு டிஜிட்டல் கசந்துவிட்டது. கூலிக்காரன் கையிலும் அதே எண்கள் ஓடும் என்றால் அதைக் கட்டுவதில் என்ன பெருமை என்று நினைத்திருக்கிறார்கள். கால்குலேட்டர் செய்துகொண்டிருந்த கேசியோ 1974இல் வாட்ச்சுக்குள் வந்தது. ரியூசுகே மொரியாய் என்ற வடிவமைப்பாளர் அந்தக் கம்பெனிக்குச் செய்த முதல் வாட்ச், 1989இல் வெளிவந்த இந்த எஃப்-91டபிள்யூ. எடை 21 கிராம். தடிமன் 8.5 மில்லிமீட்டர். சுற்றி ஒரு நீலக் கோடு, நடுவில் எண்கள், மூன்று பொத்தான். அன்றிலிருந்து இன்று வரை அந்த முகத்தில் கை வைக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

நாங்கள்தான் மாறினோம். கல்லூரிக்குப் போனதும் கேசியோ ‘பொடிப்பையன் வாட்ச்’ ஆகிவிட்டது. 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து ஊர் ஊராக ஷோரூம் வைத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், அதோடு தங்க முலாம் பூசிய டைட்டன் என்று சீர் வரிசையில் வாட்ச் நுழைந்தது. எனக்கும் கல்யாணத்துக்கு அதுதான் போட்டார்கள். கேசியோ அம்மாவின் பீரோவுக்குள் போனது. மாமா மட்டும் கழற்றவில்லை. சிமென்ட்டும் வேர்வையும் பட்டு ஸ்ட்ராப் வெடித்தால் ஸ்ட்ராப்பை மட்டும் மாற்றிக்கொண்டு அதே மாடலோடுதான் போய் வந்துகொண்டிருந்தார்.

அதனால்தான் 2011இல் குவாண்டனாமோ சிறை ஆவணங்கள் வெளியானபோது எனக்கு மனசு கொதித்தது. வெடிகுண்டுக்கு நேரம் வைக்க இந்த மாடலைப் பயன்படுத்தியதாகச் சொல்லி, இதை வைத்திருந்ததையே கைதிகள் மேல் சந்தேகத்துக்கான அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க ராணுவம் எழுதி வைத்திருந்தது. மாமாவோடு ஒரே அறையில் தங்கிய கொத்தனார், டிரைவர், சமையல்காரர் எல்லார் கையிலும் இருந்தது இதுதானே! உலகத்தில் மலிவாகவும் நல்லதாகவும் எங்கும் கிடைக்கும் ஒரு பொருளை நல்லவனும் வாங்குவான், கெட்டவனும் வாங்குவான். அதை வைத்து மனிதனை எடை போடுவது அநியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

2016இல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. “பிளாஸ்டிக் எத்தனை நாளைக்கு வரும்? இரும்புதான் நிக்கும்” என்று அப்பா சொல்வார். அவருடைய ஜனதா இன்னும் ஓடுகிறது; செய்த கம்பெனி இல்லை. பிளாஸ்டிக் வாட்ச் இன்றும் புதிதாக, அதே மாடல் எண்ணோடு, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது.

சில வருஷம் முன்பு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் எஃப்-91டபிள்யூ. “அப்பா, இது விண்டேஜ்பா. எங்க செட்ல நிறையப் பேர் இதத்தான் கட்டுறாங்க” என்றாள். ஸ்மார்ட் வாட்ச் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அடி எண்ணும், தூக்கம் எண்ணும், போனில் வரும் ஒவ்வொரு மெசேஜுக்கும் கையை அதிர வைக்கும், ராத்திரியானால் சார்ஜரில் படுக்கும். ஏன் இதற்கு மாறினாள் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: “மணி பாக்கலாம்னு போன எடுத்தா அரை மணி நேரம் போயிடுதுப்பா. இதுல மணி மட்டும்தான் இருக்கு.” இந்த வாட்ச்சைப் பற்றி நான் கேட்ட பேச்சில் இதைவிடச் சரியானது இல்லை. என் காலத்தில் இதை வாங்கியது இதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பதற்காக. அலாரம், ஸ்டாப் வாட்ச், தேதி, விளக்கு! அவள் காலத்தில் வாங்குவது இதற்குள் எவ்வளவு இல்லை என்பதற்காக. இரண்டு பேருக்கும் கொடுக்க முடிந்த பொருளை வடிவமைத்த மனிதரை வணங்கத் தோன்றுகிறது.

அவளுடையதைப் பார்த்த பிறகு பீரோவைக் குடைந்து என்னுடையதை எடுத்தேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு பெட்டிக்கடை அளவே உள்ள வாட்ச் கடை. கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியின் நாலு திருகாணியையும் கழற்றி ஒரு காந்தத் தட்டில் போட்டார். மூடியை மெல்லத் தூக்கி, “சார், இதப் பாருங்க” என்று சாமண நுனியில் ஒன்றைக் காட்டினார். அரிசி நொய் அளவுக்கு ஒரு ஸ்பிரிங். வாட்ச்சின் குரல் பின்மூடியில் ஒட்டிய மெல்லிய தகட்டிலிருந்து வருகிறது. அந்தத் தகட்டுக்கு மின்சாரம் கொண்டுபோவது இந்த ஸ்பிரிங். மூடியைத் திறக்கும்போது தெறித்து விழுந்தால் தேடிக் கிடைக்காது. மணி ஓடும், சத்தம் மட்டும் போய்விடும். “ஊமையா வர்ற கேசியோவெல்லாம் யாரோ அவசரத்துல தொறந்ததுதான் சார்” என்றார். சிஆர்2016 பேட்டரி ஒன்றைப் போட்டு, ரப்பர் வளையத்தைத் துடைத்து உட்கார வைத்து மூடினார். எண்கள் எழுந்தன. அலாரத்தையும் விளக்கையும் அளவாகப் பயன்படுத்தினால் இந்தப் பேட்டரி ஏழு வருஷம் வரும் என்கிறது கம்பெனி.

குறை இல்லாமல் இல்லை. பச்சை விளக்கு இடது ஓரத்தில் மட்டும் எரியும். இருட்டில் நொடி எண்ணைக் கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். வருஷம் என்ற ஒன்று இதற்குத் தெரியாது; பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான். 2024 பிப்ரவரி 29 அன்று வீட்டில் இருந்த இரண்டு கேசியோவும் மார்ச் 1 என்றன. நானே திருத்தினேன். அதைத் திருத்தக் கையேடு வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு வயதில் பழகிய விரல் அதுவாகவே பொத்தானைத் தேடிப் போனது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளை கையில் வாட்ச் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய காலம் எங்களுடையது. இன்று நீட் தேர்வு அறைக்குள் எந்த வாட்ச்சுக்கும் அனுமதி இல்லை. காரணம் புரிகிறது. ஆனால் மணியைத் தவிர வேறொன்றும் தெரியாத வாட்ச்சையும் வாசலில் கழற்றச் சொல்வது, அதைக் கட்டி வளர்ந்த எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: போலிகள் நிறைய உலவுகின்றன. வலப்பக்கத்து ஒற்றைப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் அசலில் கம்பெனி பெயர் எழுந்து வரும். சில போலிகளும் இப்போது அதைக் காட்டுகின்றன. அதனால் நம்பகமான கடையில் வாங்குங்கள். வாங்கத் தேவையே இல்லாமலும் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த ஒன்று நின்றுபோய்க் கிடக்கக் கூடும். எடுத்துப் பேட்டரி போட்டு, வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கட்டிவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிங் பத்திரம் என்று கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.