பூனைக்கு எதுகை யானை

நேற்று ராத்திரி அடுப்படியில் இருந்த நெத்தலிக் கருவாட்டுப் பொட்டலத்தை எலி இழுத்துக்கொண்டு போனது. பூனைக்குட்டி அடுப்புத் திண்டில் படுத்துக்கொண்டு, எலி வாசற்படியைத் தாண்டும் வரை தலையைத் திருப்பித் திருப்பி மரியாதையாக வழியனுப்பி வைத்தது. விடிந்ததும் போனைத் திறந்தால், கொழும்பில் கடையில் நிற்கும் மச்சான் அதே குட்டியைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு கவிதை போட்டிருக்கிறார். நமுனுகுல மலையிலிருந்து இறங்கி வந்த புலியாம். சொந்தபந்தமெல்லாம் அதன் கீழே இதயம் போட்டு வைத்திருக்கிறது. கருவாட்டைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

எலிக்காகத்தான் குட்டி கேட்டேன். மகள் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஸ்கூல் பேக்கில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். எங்கள் கூரைத் தகரத்துக்கு அடியில் எலிகள், துரை மலைக்கு ரவுண்டு வருகிற மாதிரி அவ்வளவு அதிகாரமாக நடக்கும். அந்தத் தொல்லைக்கு நான் கண்டுபிடித்த வழியைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த யானை விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

பூனையைப் பாட எடுத்த எவருக்கும் இரண்டாம் அடியில் யானை வந்து நின்றுவிடுகிறது. எல்லாம் எதுகை செய்கிற வேலை. மீனை என்று முடித்தால் நியாயம் உண்டு. பூனைக்கும் மீனுக்கும் பழைய உறவு. அதோடு விடுகிறார்களா? மச்சான் கவிதையில் முதல் அடியில் பூனை, அடுத்ததில் யானை நடை, மூன்றாவதில் பானையை உருட்டல், நாலாவதில் எலிச் சேனையை வெல்லல். வெள்ளைக்காரன் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கட்டிவிட்டுப் போன காம்பிரா எங்களுடையது. அதற்குள் நாங்கள், மாமியாரின் கட்டில், டிவி, வெங்காயக் கூடை. யானையை எங்கே நிறுத்துவது? வாசலில் கட்டலாம் என்றால் அங்கே என் பெண்சாதியின் கத்தரிப் பாத்தி இருக்கிறது. யானை வேண்டுமென்றால் மொனராகலைப் பக்கம் இறங்க வேண்டும். அங்கே சேனை என்றால் படை இல்லை, பயிர். அந்தப் பயிரைக் காக்க மரத்தில் குடில் கட்டி, ராத்திரி முழுக்க யானை வெடி கொளுத்திக்கொண்டிருக்கிற மனிதனிடம் போய், பூனைக்கு ஒரு எதுகை வேண்டியிருக்கிறது, யானையைக் கொஞ்சம் இரவல் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மச்சானுக்குப் பதிலாக பண்டாரவளைப் பெரியம்மா மகன் ஒன்று போட்டார். அதில் குட்டி வானை அளக்கிறது. அரிசி அளக்கிற சுண்டையே அதனால் தாண்ட முடியவில்லை. அடுத்தது தேனை. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது, அதற்கான மரபணு செத்துப்போய்க் கிடக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் 2005இலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் குடும்பத்துக் கவிஞர்கள் இன்னும் அதற்குத் தேன் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை பேரும் மாரி பிடித்தால் நாள் கணக்கில் நனைகிறவர்கள். சோனை என்று ஒரு சொல் பக்கத்திலேயே கிடக்கிறது, ஒருவரும் தொடவில்லை. சோனை மழையில் பூனை என்று நானே நாலடி எழுதிப் போட்டேன். ஒரு இதயமும் விழவில்லை. மாமியார் மட்டும், "மழைக்குத் துணிய எடுத்தீங்களா மாப்ள?" என்று கேட்டார்.

பெரியவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். கம்பர் அவையடக்கம் சொல்லப் பாற்கடலை நக்கப் போன பூனையைத்தான் கூப்பிட்டார். பாரதி 'முரசு' பாட்டில் குட்டிகளின் நிறத்தைக் காட்டி மனிதருக்குப் புத்தி சொன்னார். லண்டனில் கிறிஸ்டோபர் ஸ்மார்ட் என்ற புலவர் பைத்தியக்கார விடுதியில் அடைபட்டிருந்தபோது தன் பூனை ஜெஃப்ரியைப் பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியது 1939இல்தான் அச்சேறியது. அதே வருஷம் டி.எஸ். எலியட்டும் ஒரு பூனைக் கவிதைப் புத்தகம் போட்டார். 1981இல் அதை வைத்து லண்டனில் இசை நாடகம் போட்டுப் பணம் கொட்டியது. பேரிலேயே எலியை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

தொல்காப்பியர் மட்டும் வம்பு வைத்துவிட்டார். மரபியலில் கீரி, வெருகு, எலி, அணில் நாலின் பிள்ளைகளுக்கும் குட்டி என்றே பேர் என்று ஒரே சூத்திரத்தில் எழுதி, எலியை வெருகுப் பூனைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். எங்கள் வீட்டுக் குட்டி அந்த உறவை இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

"கருவாடு போச்சு, நீங்க எதுகை பாத்துக்கிட்டு இருங்க" என்றாள் பெண்சாதி. அவள் சொல்வதற்கு நான் என்ன பதில் சொல்வது? கொழுந்து விளைகிற மலையில் நான் குடிப்பது வெறும் சாயத்தண்ணி. குட்டிக்கு மட்டும் வேளைக்கு வேளை பால்மா கரைத்து வைக்கிறார்கள்.

எலிப்பொறி வாங்கப் பதுளை டவுனுக்குப் போனேன். பஸ்டாண்டுப் பக்கத்தில் இரும்புச் சாமான் விற்கிற முதலாளி சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறது என்று நான் வாய் தவறிச் சொன்னதும் கல்லாவை மூடிவிட்டுப் போனை எடுத்தார். தன் பூனையின் படம் காட்டினார். பிறகு அதைப் பற்றித் தான் கட்டிய கவியை ராகம் போட்டுப் பாடினார். நாலடியும் ஒரே முடிவு. புலி உண்டு, யானை இல்லை; அந்த மட்டுக்கும் புண்ணியம்.

"உங்க பூனை எலி பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"பிடிச்சா நான் ஏன் மாத்தயா பொறி விக்கிறேன்?" என்றார்.