யார் அனுப்பி வந்தீர்கள்?

கேள்வி: அமெரிக்க அரசியல் பற்றிப் படித்தால் அடிக்கடி 'சிகாகோ மெஷின்' என்று வருகிறதே, அது என்ன மெஷின்?

பதில்: மாவு மெஷின் மாதிரிதான். மேலே வேலையையும் சலுகையையும் கொட்டினால் கீழே ஓட்டாக விழும். சிகாகோ மாநகராட்சியில் 50 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் ஜனநாயகக் கட்சிக்கு ஒரு கமிட்டிமேன் உண்டு. நம் ஊர் வட்டச் செயலாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கீழே, வாக்குச்சாவடிக்கு ஒருவராக பிரீசிங்ட் கேப்டன்கள். மெஷின் முழு வேகத்தில் ஓடிய காலத்தில் கேப்டனுக்கு மாநகராட்சியிலோ கவுண்டி அலுவலகத்திலோ ஒரு வேலை போட்டுக் கொடுத்திருப்பார்கள். அவருடைய தெருவில் ஓட்டுக் குறைந்தால் அந்த வேலைக்கு ஆபத்து. அதனால் தேர்தல் நாளன்று அவர் கேட்டது கட்சிக்கான ஓட்டு மட்டுமல்ல, தன் வீட்டு அடுப்புக்கான ஓட்டும்தான்.

1931இல் மேயரான ஆன்டன் செர்மாக் இதைக் கட்டினார். 1955 முதல் 1976 டிசம்பரில் சாகும்வரை மேயராக இருந்த ரிச்சர்ட் ஜே. டேலி இதை முழு வேகத்தில் ஓட்டினார். சிகாகோ இருக்கிற குக் கவுண்டியின் கட்சித் தலைவரும் அவரே. வேலை கொடுக்கிற கையும் ஓட்டுக் கேட்கிற கையும் ஒரே உடம்பில் இருந்தன.

கேள்வி: கட்சிக்கு உழைக்க யாராவது தானாக முன்வந்தால் சந்தோஷப்படத்தானே செய்வார்கள்?

பதில்: 1948இல் ஆப்னர் மிக்வா என்ற சட்டக் கல்லூரி மாணவர் அப்படித்தான் நினைத்து வார்டு அலுவலகத்துக்குள் போனார். "யார் அனுப்பினார்கள்?" என்று கேட்டார் உள்ளே இருந்தவர். "யாரும் அனுப்பவில்லை" என்றார் மிக்வா. யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்குத் தேவையில்லை என்று பதில் வந்தது. சம்பளமில்லாமல் உழைக்க வந்தவருக்கே இந்த வரவேற்பு என்றால், எதிர்த்து நிற்க வந்தவருக்கு எப்படி இருக்கும்? (மிக்வா 1956இல் அந்த மெஷின் தயவில்லாமலேயே மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், நீதிபதி.)

கேள்வி: சுயேச்சையை எந்த இடத்தில் மடக்குவார்கள்? பிரசாரத்திலா, ஓட்டு எண்ணும் இடத்திலா?

பதில்: அவ்வளவு தூரம் வர விட்டால்தானே! பந்தியில் இலை போடுவதற்கு முன்பே எழுப்பி விடுவார்கள். வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டுமென்றால் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். 2019 தேர்தலில் மேயர் பதவிக்கு 12,500 கையெழுத்து, வார்டு உறுப்பினருக்கு 473. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டவர் பதிவு செய்த வாக்காளராக, அதே வார்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். முகவரி பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். தாளைச் சுமந்து வீடுவீடாகப் போனவர் நோட்டரி முன்னால் உறுதிமொழி தர வேண்டும். பக்கங்களுக்கு எண் போட்டுச் சேர்த்துக் கட்ட வேண்டும். இதில் எதையும் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் வந்தால் தேர்தல் அலுவலகத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்ப்பார்கள். மெஷினிடம் இதற்கென்றே தேறிய வக்கீல்கள் உண்டு. சுயேச்சைக்கோ, ஓட்டுக் கேட்கப் போக வேண்டிய நாட்களெல்லாம் அந்த மேசையிலேயே கழிந்துவிடும். ஜெயித்தாலும் பாதிப் பிரசாரக் காலம் போயிருக்கும்.

இந்த ஆயுதத்தின் கூர்மைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1996இல் சிகாகோவின் தென்பகுதியில் மாநில செனட் தொகுதி ஒன்று. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தல். தேவை 757 கையெழுத்து. அப்போதைய உறுப்பினர் ஆலிஸ் பால்மர் 1,500க்கு மேல் கொடுத்திருந்தார். சரிபார்த்து முடித்தபோது அவருக்கு 757 தேறவில்லை. அவரோடு மற்ற மூவரும் பட்டியலிலிருந்து நீங்க, ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. ஆட்சேபம் எழுப்பியவரும் அவர்தான்: பராக் ஒபாமா. மெஷினின் ஆள் இல்லை அவர். ஆனாலும் மெஷின் ஊரில் வளர்ந்த ஆயுதம் அவர் கைக்கும் எட்டியது. ஒபாமாவை மதிக்கிறவன் நான்; இந்த வெற்றியை மட்டும் என்னால் ரசிக்க முடிவதில்லை. ஐந்து பெயரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தத் தொகுதி மக்கள் இழந்தார்கள்.

கேள்வி: கையெழுத்து எல்லாம் சரியாக இருந்துவிட்டால்?

பதில்: 13ஆவது வார்டுக்குப் போவோம். இல்லினாய் சட்டமன்ற சபாநாயகராகப் பல்லாண்டுகள் இருந்த மைக்கேல் மாடிகனின் கோட்டை அது. 2019 தேர்தலுக்கு அங்கே 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் துணிந்து நின்றார். 473 போதும் என்ற இடத்தில் 1,703 கையெழுத்து கொடுத்தார். உடனே எதிர்த்தரப்பு ஒரு கட்டைத் தூக்கி வைத்தது: 'நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று மக்கள் எழுதிக் கொடுத்த 2,796 பிரமாணப் பத்திரங்கள். போட்டவர்கள் 1,703, திரும்பப் பெற்றவர்கள் 2,796! ஒப்பிட்டுப் பார்த்ததில், உண்மையாகவே அந்த மாணவருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் அதில் 187 பேர்தான். ஆட்சேபம் வாபஸ் ஆனது. மாணவர் களத்தில் நின்றார், பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

எனக்கு அந்தத் தோல்வியைவிட, போடாத கையெழுத்தைத் திரும்பப் பெற்ற அந்த 2,600 பேர்தான் நினைவில் நிற்கிறார்கள். வீட்டு வாசலில் கட்சிக்காரர் நீட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க முடியாமல் போயிருக்கிறது அவர்களுக்கு.

கேள்வி: நீதிமன்றம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததா?

பதில்: இல்லை. டேலி இறந்தபின் 1977இல் மேயர் இடைத்தேர்தல் வந்தது. இல்லினாய் மாநிலம் முழுவதற்குமான பதவிக்குச் சுயேச்சை 25,000 கையெழுத்து காட்டினால் போதும். சிகாகோ நகருக்கு மட்டும் 35,000க்கு மேல் தேவைப்பட்டது. குடத்தைவிடச் செம்பு அதிகம் கொள்ளுமா? கொள்ளாது என்று 1979இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. சட்டமன்றத்துக்கு நிற்கும் சுயேச்சைக்கு, கடந்தமுறை ஓட்டளித்தவர்களில் 10 சதவீதம் பேரின் கையெழுத்து வேண்டும் என்று இன்னொரு விதி. அது இருந்த கால் நூற்றாண்டில் ஒரு சுயேச்சைகூடத் தேறவில்லை. 2006இல் அதையும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது மைக்கேல் ஷாக்மனின் வழக்கு. மாநில அரசியல் சாசனப் பேரவைக்குச் சுயேச்சையாக நின்று 623 ஓட்டில் தோற்ற வக்கீல் அவர். மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் எனக்கு எதிராக வேலை செய்தார்களே என்று 1969இல் வழக்குப் போட்டார். அரசியல் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1972இலும், வேலைக்கு எடுக்கவும் கூடாது என்று 1983இலும் நீதிமன்ற ஆணைகள் வந்தன. மாநகராட்சி மீதான நீதிமன்றக் கண்காணிப்பு முடிந்தது 2014இல். மாவு மெஷினில் தானியம் கொட்டும் வாயையே பிடித்து மூடிய மனிதர் அவர்.

கேள்வி: இவ்வளவும் தெரிந்தும் மக்கள் ஏன் மெஷினுக்கே ஓட்டுப் போட்டார்கள்? ஏமாளிகளா?

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். குப்பைத் தொட்டி உடைந்தால் கேப்டன் புதுசு கொண்டுவந்து வைப்பார். வீட்டு முன் மரக்கிளை முறிந்தால் ஆள் அனுப்புவார். ஆங்கிலம் தெரியாத கிழவிக்கு மனு எழுதிக் கொடுப்பார். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கொள்கை பேச வருகிற நல்லவரைவிட, கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஆளை ஏழைக் குடும்பம் நம்புவதில் என்ன தப்பு?

அதே மக்கள்தான் 1979 ஜனவரியில் பனி நகரத்தை மூடியபோது, தெருவைச் சுத்தம் செய்யாத மேயர் பிலாண்டிக்கை அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பினார்கள். கறுப்பர் பகுதி நிலையங்களில் நிற்காமல் ரயில்கள் ஓடின; அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. அவரால் பதவி நீக்கப்பட்டிருந்த ஜேன் பர்ன் கட்சியின் உள்தேர்தலில் அவரைத் தோற்கடித்து, பிறகு மேயரும் ஆனார்.

கேள்வி: ஜெயித்த சுயேச்சைகள் என்ன சாதித்தார்கள்?

பதில்: 5ஆவது வார்டின் லியான் டெஸ்பிரஸ், டேலி மேயரான அதே 1955இல் மாமன்றத்துக்குள் வந்தார். இருபது வருஷம் இருந்தார். பலமுறை தீர்மானங்கள் 49-க்கு 1 என்று முடிந்தன. அந்த ஒன்று அவர். பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அணைப்பார்கள். வீடு வாடகைக்குத் தருவதில் கறுப்பர்களுக்கு நடந்த அநீதி பற்றி, மெஷின் அனுப்பிய கறுப்பின உறுப்பினர்களே வாய் திறக்காதபோது, இந்த வெள்ளைக்காரர் எழுந்து நின்றார். தோற்கும் என்று தெரிந்த தீர்மானத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தவரை நான் வெற்றி பெற்றவராகவே எண்ணுகிறேன்.

1983இல் ஹரால்ட் வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார். கட்சிக்குள் இருந்தே மெஷினை எதிர்த்தவர். உள்தேர்தலில் அவர் ஜெயித்ததும், கட்சியின் கமிட்டிமேன்கள் பலர் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு வேலை செய்தார்கள்! அதையும் மீறி வென்றார். அதற்குப் பிறகும் மாமன்றத்தில் 29 பேர் ஒரு பக்கம், அவர் பக்கம் 21. நீதிமன்றம் வார்டு எல்லைகளைத் திருத்தச் சொல்லி, 1986இல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்து, 25-க்கு 25 ஆன பிறகே அவர் மூச்சுவிட முடிந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் இறந்துபோனார்.

கேள்வி: என் தம்பி சிகாகோவில் குடியுரிமை பெற்று இருக்கிறான். வார்டு தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறானாம். என்ன சொல்லட்டும்?

பதில்: மனதார வாழ்த்துகிறேன் என்று சொல்லுங்கள். அந்த வார்டில் ஒரு வருஷமாவது குடியிருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம். தெருவிளக்கு எரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக 311க்கு போன் போட்டு, விளக்கு எரியும்வரை விடாமல் கேட்கட்டும். ஒரு கேப்டன் செய்கிற வேலையைச் சம்பளமில்லாமல் செய்யட்டும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் தட்ட வேண்டும். கேட்கிற எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு கையெழுத்து வாங்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்துவிடச் சொல்லுங்கள். நவம்பர் வந்துவிட்டால் அந்த ஊர்க் குளிரில் கையுறையைக் கழற்றிப் பேனா பிடிக்க, பாட்டியைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.