முச்சந்தி வசையியல்: கூடலூர்த் தரவுகளை முன்வைத்து

கூடலூரில் கெட்ட வார்த்தை வழங்குமாறு பற்றி முன்னோர் எவரும் ஆராய்ந்திலர். ஆராய வந்தவர்கள் ஊட்டியில் அறை எடுத்து, நடுவட்டம் வளைவுகளில் வாந்தி எடுத்து, அப்படியே திரும்பிப்போய்ப் பட்டமும் எடுத்தமையே காரணம் என்க.

ஆய்வெல்லை கூடலூர் பேருந்து நிலையம். மைசூர் சாலையில் கக்கநல்லா தாண்டினால் கர்நாடகம். நிலம்பூர் சாலையில் நாடுகாணி தாண்டினால் கேரளம். தமிழ், மலையாளம், கன்னடம், படுகு, பணியர் பேச்சு, 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் வந்துசேர்ந்த மலையகத் தமிழ் எல்லாம் ஒரே டீக்கடையில் கடன் சொல்கின்றன.

சட்டம் மூன்று மாநிலத்துக்கும் ஒன்றே. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி), 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 296. பொது இடத்தில் பிறர் எரிச்சலுறும்படி ஆபாசச் சொல் உதிர்ந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வெறும் திட்டு போதாது, கேட்பவர் உள்ளத்தில் காம எண்ணம் கிளர வேண்டும் என்ற அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2022இல் எடுத்துக்காட்டியது. எனவே கொண்டை ஊசி வளைவில் வழிவிடாத லாரி டிரைவரைத் திட்டியவர் குற்றவாளியா என்றறிய, டிரைவருக்கு ஏதேனும் கிளர்ந்ததா என்று அவரிடமே வினவ வேண்டும். வினவினேன். களப்பணி அன்றோடு முற்றிற்று.

இனி மொழிவாரியாக.

தமிழ்: வள்ளுவர் மானம் அதிகாரத்திலேயே கூசாமல் ஆண்ட, தலையில் முளைக்கும் அந்தச் சொல், இன்று ஆளின் மானத்தை வாங்குகிறது. விரிப்பின் பெருகும்.

கன்னடம்: குண்டலுப்பேட்டைக் கடையில் போளி கேட்கற்க, ஒப்பட்டு என்க. கேட்டால் ‘மகனே’ என்ற மறுபாதியைக் கடைக்காரர் சேர்ப்பார்.

மலையாளம்: இங்கேதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. மலையாளத்தில் ‘தெறி’ என்றாலே கெட்ட வார்த்தை. அந்தப் பெயரிலேயே 2016இல் விஜய் படம் வந்தது. கேரளத்தில் அதற்கும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். அது கிடக்க. நம் ‘பண்ணு’தான் தலையாய சிக்கல். தமிழில் பண்ணு என்னும் வினை செய்யாத வேலை இல்லை. மலையாளக் கொச்சையில் அது செய்வது ஒரே வேலை. “மாமா, அத்தைக்கு போன் பண்ணுங்க”, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்”, “பெரியவரே, தொந்தரவு பண்ணாதீங்க” என்று தமிழ்க் குடும்பமொன்று பேருந்துக்குக் காத்திருக்க, அன்றுதான் மலப்புறத்திலிருந்து வந்திறங்கியவர் முகம் சிவந்து பையைத் தேடுவார் (தேநீர்க்கடைப் பெஞ்சு, இடது ஓரம், வாய்மொழி). உள்ளூர் மலையாளிகள் இதற்கு எப்போதோ பழகிவிட்டார்கள் (அதே பெஞ்சு, வலது ஓரம், திருத்திய பதிப்பு, முதல் பதிப்பில் கண்டக்டர் உடனிருந்தார்). இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு, சொன்னவர் வடையோடு சொன்னமையால் சில எழுத்துகள் சிதைந்துள்ளன (மழைநாள் ஓலை, அதாவது பரோட்டா கட்டிய தாள், பின்பக்கம், எண்ணெய்க் கறைக்குக் கீழ் மூன்றாம் வரி, நாய் கொண்டுபோனதால் ஒப்புநோக்க இயலவில்லை).

கடல் கடந்து துபாய் போகும் கூடலூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். அங்கே வாட்ஸாப்பில் திட்டினாலும் குற்றமே. 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி சிறையும் உண்டு. அபராதம் இரண்டரை லட்சம் திர்ஹம் முதல் ஐந்து லட்சம் வரை. நம்மூரிலோ 1000 ரூபாயோடு கணக்கு தீரவும் கூடும். திட்ட வேண்டியவர்களை லீவில் வரும்போது திட்டுக.

என் ஆசானிடம் இக்கட்டுரையைக் காட்டினேன். “மேலாய்வுக்குரியது” என்றார். புலவருலகில் இதைவிடக் கடிய வசை கிடையாது. இதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் பிரிவைக் காணோம்.