75 அடிக் கதவு

திண்டுக்கல்லில் வீடு கட்டினால் மனை சென்ட்டில், பிளான் அடியில், நிலைக்கதவு இஞ்சில், டைல்ஸ் பெட்டியின் மேல் மில்லிமீட்டர். பத்திரத்தில் சதுர மீட்டரும் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை.

இத்தனையையும் ஆட்டோகேடில் போட்டு, ஒரு படத்தில் இருக்கும் கதவைக் காப்பி செய்து மில்லிமீட்டரில் உள்ள இன்னொன்றில் ஒட்டினால், 22,860 மில்லிமீட்டராக வந்து நிற்கிறது. அகலம் 75 அடி. 1755-இல் இங்கே பவுஜ்தாராக வந்த ஹைதர் அலி யானைப்படையோடு நுழையலாம். பூட்டுக்குத்தான் பட்டறையில் தனி ஆர்டர் கொடுக்க வேண்டும்.

உடனே ‘வைரஸ்’ என்பார் ஒருவர். ‘திருட்டு சாப்ட்வேர், அதான்’ என்பார் அடுத்தவர். அதில் உண்மை இருக்கலாம்; காரணம் அதுவல்ல. கதவை 900 மில்லிமீட்டருக்கு வரைந்தவர், கோப்பின் அலகை இஞ்ச் என்றே விட்டுவிட்டார். மென்பொருள் பாவம், எழுதியிருப்பதை நம்பி 25.4-ஆல் பெருக்கிவிட்டது. நம்மூரில் எழுதியிருப்பதை நம்பும் ஒரே ஜீவன்.

1999-இல் பவுண்டு, நியூட்டன் குழப்பத்தில் நாசா ஒரு செவ்வாய்க் கலத்தையே தொலைத்தது. நமக்குக் கதவோடு போயிற்று.

ஸ்கேல் கமாண்டில் கதவைச் சுருக்கிச் சமாளிக்காதீர்கள். அடுத்து ஒட்டும் ஜன்னலும் வீங்கும். ஒட்டுவதற்கு முன்பே இரண்டு படங்களிலும் ‘யூனிட்ஸ்’ தட்டி, எந்த அலகில் வரைந்தீர்களோ அதையே வையுங்கள். பிளாக்காக இருந்தால் அதன் அலகையும் தனியே பார்த்துவிடுங்கள்.