ரூட்டர் நாட்டாமை

வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும். வீட்டுக்குள் யாராவது "நெட் வரல" என்று முணுமுணுத்தால் போதும். மத்தியானத் தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து வந்து, "யார் என்னத்தத் தொட்டீங்க?" என்பார். சென்னை அடுக்ககம், மதுரைச் சந்து, திருச்சி காலனி என்று எங்கு போனாலும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்.

ரூட்டர் இருக்கும் இடத்தை வைத்தே இவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஹால் ஷோகேஸின் மேல்தட்டில், யாருடைய கையும் எட்டாத உயரத்தில் இருக்கும். அதற்கு நேர் எதிரே அவருடைய சாய்வு நாற்காலி. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு, 2.4-க்குத் தெம்பு உண்டு, வேகம் குறைவு. ஆக நாற்காலிக்கு 5, இரண்டு சுவர் தள்ளிப் பின்னறையில் படிக்கும் மகளுக்கு 2.4 என்று பாகப்பிரிவினை தானாகவே நடந்துவிட்டது.

மைக்ரோவேவ் அடுப்பும் அந்த 2.4 வட்டாரத்தில்தான் வேலை செய்கிறது என்று எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து மகளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ என்றால் வீட்டில் சாம்பார் சூடு பண்ணத் தடை. ஒரே ஒரு உண்மையை மட்டும் தெரிந்துவைத்திருப்பவரோடு குடித்தனம் செய்வது கஷ்டம். பொய்யாக இருந்தால் மறுத்தாவது பேசலாம்.

"ரூட்டரையே உள்ள மாத்திட்டா என்னங்க?" என்று மனைவி கேட்டார்.

"உனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் புரியாது" என்று அந்த வழக்கு தள்ளுபடி ஆனது.

விருந்தினர் வந்தால் காபிக்கு முன்பே பாஸ்வேர்டு கேட்கும் காலம் இது. நாட்டாமை அதை எழுதித் தர மாட்டார். வாயால் சொல்லவும் மாட்டார். "போனைக் கொடுங்க, நானே போட்டுத் தரேன்" என்று வாங்கி, பாதி திரும்பி நின்று, ஒற்றை விரலால் தட்டுவார். பதினெட்டு எழுத்து. நடுவில் ஒரு டாலர், ஒரு ஆச்சரியக்குறி. முதல் தடவை தப்பாகும். இரண்டாம் தடவை வந்தவரே, "பரவால்ல சார், என்கிட்ட டேட்டா இருக்கு" என்பார். நாட்டாமை விட மாட்டார். பின்னறையிலிருந்து மகள் வந்து, அம்மாவின் போனில் க்யூஆர் கட்டத்தைக் காட்டி இரண்டு நொடியில் காரியத்தை முடித்துவிட்டுப் போவாள். விருந்தினர் அவளுக்கு நன்றி சொல்வார். இவர், "நான் போட்டதுதான் இப்ப ஏறியிருக்கும்" என்பார்.

இவ்வளவு கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்றால், பஞ்ச காலத்திலிருந்து. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது நாட்டாமை இளைஞர். அவர் வீட்டுக்கு அது வந்து சேர மேலும் சில வருஷம் ஆனது. மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஒரு பெருமூச்சு விட்டு லைனில் சேரும். சேர்ந்துவிட்டால் வீட்டுத் தொலைபேசி செத்தது. மறுநாள் பெரியப்பா நேரிலேயே வந்து, "போனை எடுத்துக் கீழ வெச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நாலு எம்பி பாட்டு ஒன்று இறங்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒன்பதாம் நிமிஷத்தில் யாராவது ரிசீவரைத் தூக்கிவிட்டால் பாட்டும் போச்சு, அன்றைய நிம்மதியும் போச்சு.

2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. வேகம் 256 கிலோபிட். மாதம் 250 ரூபாய்த் திட்டத்தில் 400 எம்பி. அதைத் தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். பிறகு 500 ரூபாய்த் திட்டத்தில் அதிகாலை 2 மணி முதல் 8 வரை கணக்கே கிடையாது என்றார்கள். நாட்டாமை இரண்டு மணிக்கு அலாரம் வைத்தார். மார்கழி மாசத்தில் மருமகன் இருட்டோடு எழுந்து விளக்குப் போடுவதைப் பார்த்த மாமியார், அதைப் பக்தி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இவரும் மறுக்கவில்லை.

அப்போது வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். ஹாலில், திரை சோபாவைப் பார்த்தபடி, பிளாஸ்டிக் உறை போட்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்துச் சுவரில் கால அட்டவணை. மகனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் என்று ஒரு மணி நேரம். மகளுக்குப் பெயின்ட்டில் வீடும் தென்னை மரமும் வரைய அரை மணி. மனைவிக்கு நேரம் ஒதுக்கவில்லை, "அவளுக்கு அதுல என்ன வேலை?" மீதிப் பொழுதெல்லாம் "மெயில் பாக்கணும்" என்ற பெயரில் அவருக்கு. யாருக்கு வந்த மெயில், யார் அனுப்பினார்கள் என்பது அரசாங்க ரகசியம்.

ஆட்சியில் முதல் விரிசல் மகனால் விழுந்தது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அடுத்த வருஷம் பிளஸ் டூ படித்த மகனுக்கும் ஒன்று கிடைத்தது. அதை அவன் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று சுவரிலிருந்த அட்டவணை செல்லாக்காசானது. 2016-இல் ஜியோ வந்து ஆளுக்கொரு போனில் டேட்டாவை அள்ளிக் கொட்டியது. 2020 ஊரடங்கில் மகளுக்கு வகுப்பு, மகனுக்கு ஆபீஸ், மனைவிக்கு அமெரிக்கத் தம்பியோடு வீடியோ கால், எல்லாம் ஒரே நேரத்தில். அப்போதுதான் ஃபைபர் இழுத்தார்கள். நாட்டாமையின் கையில் மிஞ்சியது பாஸ்வேர்டு ஒன்றுதான்.

2003-இல் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் இன்றும் குழாய் சொட்டினால் தூங்க மாட்டார்கள். நாட்டாமையும் அந்த ஜாதிதான். "அன்லிமிடெட்னு சொல்வான், அடியில சின்ன எழுத்துல 3,300 ஜிபின்னு போட்டிருப்பான். மாசக் கடைசியில முழிக்கணும்" என்பார்.

மகள் ஒருநாள் உட்கார வைத்துக் கணக்குச் சொன்னாள். "அப்பா, எச்டி படம் மணிக்கு 3 ஜிபி இழுக்குதுன்னே வெச்சுக்குங்க. 3,300 ஜிபிக்கு 1,100 மணி நேரம். மாசத்துல இருக்கறதே 744 மணிதான். டிவிய அணைக்காமலே விட்டாலும் தீராது. உங்க பழைய 400 எம்பி மாதிரி எட்டாயிரம் மடங்குக்கு மேல."

அவர் நெடுநேரம் யோசித்தார். "தீராதுங்கறதுக்காக விட்டுட முடியுமாம்மா?"

விடவில்லை. ரூட்டருக்குள் புகுந்து, இணைந்திருக்கும் சாதனங்களை எண்ணினார். நாலு பேர் இருக்கும் வீட்டில் பதினோரு சாதனம். எல்லாவற்றையும் அடையாளம் கண்டுவிட்டார், ஒன்றைத் தவிர. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த, வாயில் நுழையாத பெயர். பக்கத்து வீட்டுப் பையன்தான் என்று முடிவு கட்டினார். தடை போட்டார். இரவு எட்டரைக்கு நடு அறையிலிருந்து அவருடைய அம்மாவின் குரல் வந்தது:

"டேய், அவ கழுத்துல தாலி ஏறப் போற நேரத்துல டிவி சுத்திக்கிட்டே நிக்குதுடா!"

தடை நீங்க ஐந்து நிமிஷம் ஆனது. தாலி யார் கட்டினார்கள் என்று தெரியாமல் அந்த அம்மாள் மறுநாள் வரை பேசவில்லை. நாட்டாமை பக்கத்து வீட்டுப் பையனை இன்னும் முழுசாக நம்பவில்லை.

போன வாரம் நெட் மறுபடி மந்தம். கேபிள்காரரைக் கூப்பிட்டார். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்றார் அந்தப் பக்கம். இதைவிடப் பெரிய அவமானம் அவர் அகராதியில் இல்லை. குடும்பத்தை ஹாலுக்கு அழைத்தார். யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று இன்று தெரிந்தாக வேண்டும் என்றார்.

மகள் மறுபேச்சில்லாமல் போனை எடுத்து ரூட்டருக்குள் போனாள். அட்மின் பாஸ்வேர்டு அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தாள். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. முதலிடம்: அப்பா போன். இரண்டாமிடத்தில் இருந்த டிவி வெகுதூரம் பின்னால். மகள் மெதுவாக, "ராத்திரி பன்னெண்டுக்கு மேலதாம்ப்பா ஜாஸ்தி" என்றாள். பழைய பாட்டுகள், அரசியல் விவாதங்கள், வைஃபை வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று விளக்கும் வீடியோக்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். இவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்.

எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். நாட்டாமை பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் அப்பவே சொன்னேன். இந்த ரூட்டருக்குக் கணக்கே சரியா வரல. மாத்தணும்."